மருத்துவமனைச் சுவரில் ஒரு தீ

என் கணவரின் கைக்கட்டைப் பிரித்துப் பார்க்க மருத்துவர் அவரை உள்ளே அழைத்துக்கொண்டார். வலது கை விரல்கள் இனி மடங்குமா, மடங்காதா என்பது இன்றைக்குத் தெரிந்துவிடும். தறியில் உட்காருகிறவருக்கு விரல் போனால் என்ன மிச்சம்? என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

எதிர்ச் சுவரில் பெரிய படம் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியத்தின் அச்சு என்று கீழே எழுதியிருந்தது. ஏதோ வெளிநாட்டுத் தெருவில் மாடி வீடு எரிகிறது. பித்தளைத் தொப்பி போட்ட தீயணைப்பு வீரர்கள் ஏணியில் நிற்கிறார்கள். ஒருவர் ஒரு பெண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்குகிறார். தீக்காயத்துக்கு வைத்தியம் பார்க்கிற இடத்தில் இதை மாட்டிய புண்ணியவானை என்ன சொல்வது? வரைந்தவர் மீதும் எரிச்சலாக வந்தது. நெருப்பைத் தங்கம்போல் தீட்டியிருந்தார். அத்தனை பேர் முகமும் பளிச்சென்று தெரிந்தது.

எங்கள் வீட்டில் மின்கம்பி பற்றிக்கொண்டபோது யார் முகமும் தெரியவில்லை. கரும்புகையும், தலைமயிர் பொசுங்கியதுபோல் பட்டு கருகும் நாற்றமும்தான். தீயணைப்புக்காரர்கள் வந்து குழாயை இழுப்பதற்குள் இவர் உள்ளே ஓடிவிட்டார். தறியில் ஒரு கல்யாணப் பெண்ணின் கூரைப் புடவை முக்கால்வாசி நெய்தபடி இருந்தது. தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூலைக் கத்தரிக்கோலால் வெட்டியிருந்தால் சட்டென்று எடுத்து வந்திருக்கலாம். ஆனால் நெய்து முடியாத கூரைப் புடவையை எங்களவர்கள் வெட்டமாட்டார்கள், பெண்ணுக்கு ஆகாது. அந்தப் புகையில் முடிச்சு முடிச்சாக அவிழ்த்து, சுருட்டி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். புடவையில் பொட்டுக் கருகல் இல்லை. கைதான் வெந்திருந்தது.

படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே அந்தக் கல்யாணப் பெண் வீட்டிலிருந்து போன் வந்தது. பெண்ணின் தாயார் மரியாதையாகத்தான் பேசினார். பேசி முடித்ததும் போனை மடியில் கவிழ்த்து வைத்தேன்.

இவர் புதுக் கட்டோடு வெளியே வந்தார். மருத்துவர் என்ன சொன்னார் என்று கேட்க எழுந்தேன். அதற்குள் இவரே கேட்டார்.

"பொண்ணு வூட்ல பேசினாங்களாம்மா?"

"இப்பதான் பேசினாங்க. வேணான்ட்டாங்க. நெருப்பு புடிச்ச வூட்டுப் புடவைய கட்டிக்கினு பொண்ணு மணையில உக்காரக் கூடாதாம்."

கத்துவார் என்று பயந்தேன். சுவர்ப் படத்தில் அந்தப் பெண் வீரரின் தோளில் தொங்கிக்கொண்டு இறங்குவதைப் பார்த்தார்.

"போவட்டும் விடு," என்றார். "வேணும்னு சொல்லியிருந்தா மட்டும், மீதிய யாரு நெய்யறது?"

மருத்துவரிடம் கேட்க எனக்கு இனி ஒன்றுமில்லை. அத்தனை பேர் நடுவில் வாய்விட்டு அழுதேன்.