முதல் தட்டம்

கமுகம்பூ வாசம் பட்டாலே எனக்குப் பொறாமை வந்துவிடும். எங்கள் வாவிக்கரைக் கோயிலில் சடங்கு முடியும் நாளில், பந்தல் முழுக்க அந்த வாசம் நிற்க, குடிகளை வரிசைப்படி ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு வெற்றிலைத் தட்டம் கொடுப்பார்கள். குடி என்கிற குலப்பிரிவு எங்கள் பக்கம் தாய்வழி. என் அம்மாவின் குடி மூன்றாவது. மனைவியின் குடி முதலாவது. ஆகவே நான் பெற்ற மகனும் முதலாவது.

இத்தனை வருடமும் மனைவியின் அண்ணன்தான் அந்த முதல் தட்டத்தை வாங்கினார். வாங்கித் திரும்பும்போது, "சரித்திரம் படிப்பிக்கிற மச்சான் பின்னுக்கு நிக்கிறார், பள்ளிக்கூடத்துக்கு ஒளிச்ச நான் முன்னுக்கு" என்பார். சிரிப்பேன். உள்ளே எரியும்.

இந்த வருடம் அவருக்கு முழங்கால் ஏலாது. மருமகன் வாங்கட்டும் என்றுவிட்டார். மருமகன் என்றால் என் மகன். அது இன்னும் எரிந்தது.

அன்று பகல் மனைவியிடம் சொன்னேன்: "இண்டைக்கு எல்லாருக்கும் முன்னால சொல்லத்தான் போறன். இந்த வரிசை கலிங்கத்தில இருந்து வந்த ராசா வெச்சதுமில்ல, கண்டி ராசா வெச்சதுமில்ல. ஒல்லாந்தன்ட கோட்டைக்கு ஆர் நெல் அளந்தானோ அவன் மேல ஏறினான். மறுகா வந்த வெள்ளைக்காரன் அவனுக்கே பட்டமும் குடுத்தான்."

அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். "எங்கட ஆக்கள் நெல் அளந்தாங்க, சரி. உங்கட ஆக்கள்?"

"குடுக்க மாட்டம் எண்டு நிண்டாங்க."

"குடுக்க நெல்லே கிடந்திருக்காது." துருவலை நிறுத்தவில்லை. "சொல்லுங்களன். மகன்ட கையில இருந்து தட்டத்தப் பறிச்சிப்போட்டு, சோத்துக்கு எந்த ஊட்டுக்கு வருவீங்க?"

வீடு அவளுடையது, சீதனம். நான் இருந்த கதிரை என்பதே போர்த்துக்கீசப் பறங்கியன் விட்டுப்போன சொல். சட்டை தொங்கும் அலுமாரியும் அவனுடையதே. காணி அலுவலுக்கு ஏறி இறங்கும் கந்தோர் என்ற சொல் ஒல்லாந்தனுடையது. வந்துபோனவனுக்கெல்லாம் இந்த ஊரில் ஏதோ நிலைத்திருக்கிறது. இங்கேயே கிடந்த எனக்கு மூன்றாமிடம்.

பந்தலில், கோயிலை நடத்தும் வண்ணக்கர் எழும்பி, "ஆருக்கும் ஏதும் சொல்லக் கிடக்கா?" என்றார். வழக்கமாகக் கேட்பது, ஒருவரும் வாய் திறப்பதில்லை. என் நாக்கு நுனியில் கோட்டை, நெல், ஒல்லாந்தன் எல்லாம் வந்து நின்றன.

பக்கத்தில் மகன். கொழும்பில் வேலை, வேட்டி கட்டத் தெரியாமல் என்னிடம்தான் கட்டுவித்துக்கொண்டு வந்திருந்தான். வியர்த்திருந்தான். நெற்றி என்னுடையது, மூக்கும் என்னுடையது. குடி மட்டும் அவளுடையது. அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். நான் எழும்பவா, அவனை எழும்பவிடாமல் இருத்தவா, எனக்கே விளங்கவில்லை. பறை அதிரத் தொடங்கியது.

"அப்பா, கைய விடுங்க. எங்கட குடியக் கூப்பிடுறாங்க."