ஒரு மணி நேர ஓய்வு

கடைமடைக்குத் தண்ணீர் சரியாகப் போகிறதா என்று அளக்க, நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் வாய்க்காலோரப் பம்புசெட் கொட்டகையில் உள்ளங்கையளவு கம்ப்யூட்டர் ஒன்றைப் பொருத்தியிருந்தேன். வாரம் ஒருமுறை அதன் மெமரி கார்டு கெட்டுப்போகும். நான் தஞ்சாவூரிலிருந்து பைக்கில் ஓடுவேன். கார்டை மாற்றினேன், சார்ஜரை மாற்றினேன், பயனில்லை. ஒருநாள் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

சரியாக ஒரு மணிக்கு, அந்தப் பம்புசெட்டை ஓட்டும் மோட்டார்க்காரர் வந்தார். ஒடிசலான உடம்பு, நுனியில் கிரீஸ் ஒட்டிய பெரிய மீசை. காய்ச்சல் பார்ப்பதுபோலப் புறங்கையால் கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டவர், பிளக்கைப் பிடுங்கினார்.

“ஐயோ, என்னங்க பண்றீங்க?”

“கொதிக்குதுங்க. நான் சாப்புடப் போறேன், அது மட்டும் வேல பாக்கணுமா?”

திடீரென்று பிடுங்கினால் கார்டு கெடும் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது.

“அப்ப, சொல்லிட்டு நிறுத்தணும்ங்கிறீங்க.”

பெட்டியில் ஒரு பட்டன் வைத்துக் கொடுத்தேன். அதை அழுத்தி, பச்சை விளக்கு அணைந்தபின் பிளக்கை எடுக்க வேண்டும்; சாப்பிட்டு வந்ததும் திரும்பச் செருக வேண்டும்.

குறுவை முடிவதற்குள், வேறு ஊர்களில் நான் வைத்த மூன்று பெட்டிகளும் சூட்டில் நின்றுபோயின. அவருடையது மட்டும் ஓடியது. தினமும் மதியம் ஒன்றிலிருந்து இரண்டு மணிவரை ஏன் அளவே பதிவாகவில்லை என்று பாசனத் துறை அதிகாரி கேட்டார். ‘பராமரிப்பு’ என்று எழுதிக் கொடுத்தேன். அது பொய்யா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.