பட்டன் பார்க்கும் சின்னக்கண்ணு

டீக்கடை முன் வண்டி நின்றதும் சின்னக்கண்ணு பக்கத்தில் போய்க் குந்திவிடுவார். லாரியோ ஸ்கூட்டரோ, யாரையும் அனுமதி கேட்பதில்லை. டயரில் கட்டைவிரலை வைத்து அழுத்துவார். "பட்டன் சுத்தமா இல்ல. இத்த வச்சிக்கினு எங்கப்பா போற? மெட்ராஸுக்கா, மேலோகத்துக்கா?"

டயரில் மேடும் பள்ளமுமாக ஓடுகிற வரிகளுக்கு விக்கிரவாண்டியில் பட்டன் என்று பெயர். ஈரச் சாலையைப் பிடித்துக்கொள்வது அதுதான். தேய்ந்துபோனால் மொட்டை டயர். சின்னக்கண்ணுவின் தலையும் அதே ரகம்தான். சொன்னால் சிரித்துக்கொண்டே துண்டைக் கட்டிக்கொள்வார். பஞ்சர் கடை வைத்திருக்கிறார். லாரிக்காரர்கள் 'டயர் டாக்டர்' என்று கூப்பிட்டால் மட்டும் முகம் சுண்டிப்போகும்.

காரணத்தை என்னிடம் ஒருமுறை சொன்னார். முன்பெல்லாம் மொட்டை டயரை வாங்கி, கத்தியைச் சுடவைத்து, அவரே பட்டன் வெட்டுவார். கறுப்பு பூசி, நல்ல செகண்ட் டயர் என்று விற்பார். பார்வைக்குப் பட்டன் இருக்கும். உள்ளே ரப்பர் மெலிந்து கிடக்கும். அப்படி ஒன்றை, இங்கே மீன் கொண்டுவரும் மரக்காணத்து ராஜவேலுவின் லோடு ஆட்டோவில் மாட்டினார். 2009 ஐப்பசி மழையில், பிரம்மதேசம் தாண்டி டயர் வெடித்து வண்டி கவிழ்ந்தது. ராஜவேலுவுக்கு இடது கால் போயிற்று. மழையால் வந்த வினை என்று எல்லோரும் நம்பினார்கள். ராஜவேலுவும் நம்பினான்.

"சொல்லிட்லாம்னு வாயத் தொறப்பேன் சார். அவன் அண்ணேன்னுவான். அப்டியே மூடிக்குவேன். வெக்கங்கெட்ட பொழப்பு."

கத்தியை அன்றோடு விட்டுவிட்டார். வெட்கம் அவரை விடவில்லை. வருகிற வண்டிக்கெல்லாம் பக்கத்தில் அவரைக் குந்தவைப்பது அதுதான்.

போன வாரம் நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ராஜவேலு வந்தான். டீக்கடைத் தூணைப் பிடித்துக்கொண்டு ஊன்றுகோலை நீட்டினான்.

"அடி ரப்பரு தேஞ்சிபோயி வழுக்குதுண்ணே. டயர்ல வெட்டி ஒண்ணு போட்டுக் குடு. நீ போட்டா நம்பி நடப்பேன்."

சின்னக்கண்ணு அதை வாங்கி, மண்டியிட்டு அந்த ரப்பரைத் தடவினார். தலை நிமிரவில்லை.

"உன் வண்டிக்குப் போட்டது மொட்டை டயருப்பா. பட்டன் நான் வெட்னது. மழை இல்ல ராஜவேலு, நான்தான்."

ராஜவேலு ஊன்றுகோலுக்குக் கையை நீட்டினான். "கட்டையக் குடு" என்றான். அண்ணே என்று சொல்லவில்லை.

சின்னக்கண்ணு மண்டியிட்டபடியே கொடுத்தார். அவன் அதை ஊன்றி நிமிர்ந்து நிற்கும்வரை, வழுக்கிவிடாமல் அதன் அடியை இரண்டு உள்ளங்கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.