வகுப்பு இல்லாத டீச்சர்

ஓடைமேட்டுப்பட்டியில் வேலுத்தாயைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற ஆள் அநேகமாகக் கிடையாது. ஊருக்கே அவள் டீச்சர். விடிகாலையில் தோட்டத்துக்கு ஆள் ஏற்ற வரும் ஜீப் டிரைவர், "டீச்சர் ஏறியாச்சா?" என்றுதான் கேட்பான். குழாயடியிலும் ரேஷன் கடையிலும், மலைமேல் ஏலச்செடித் தூருக்குள் குனிந்து காய் எடுக்கும்போதும் அதே பேர்தான். கல்யாணமாகிப் புதிதாக ஊருக்குள் வந்த பெண்கள், எந்தப் பள்ளிக்கூடத்தில் என்று ஒரு மரியாதைக்கு விசாரிப்பார்கள். பக்கத்தில் இருப்பவர்கள் சிரித்து முடித்த பிறகுதான் அவர்களுக்கு விஷயம் புரியும். அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை.

போடிக்குப் பக்கத்து ராசிங்காபுரத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது அந்த ஊர். அவளுடைய அப்பா ராக்கையாவுக்கு இரண்டு குறுக்கம் நிலமும் பொதுக்கிணற்றில் ஒரு பங்கும் இருந்தன. பெண்டாட்டி சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். இருந்தது ஒரே மகள். அந்தக் காலத்தில்தான் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு சீனிச்சாமி என்ற இளவட்ட வாத்தியார் வந்து சேர்ந்தார். பெண் குழந்தைகளை எல்லாம் பள்ளியில் சேர்க்கச் சொல்லி அரசாங்கம் உத்தரவு போட்டிருந்தது. அவரும் வீடு வீடாக ஏறி இறங்கினார். கேலி பேசினவர்கள் வீட்டுக்கும் சளைக்காமல் மறுநாள் போய் நின்றார். அப்படிச் சேர்ந்த பெண்களில் போடி வரைக்கும் பஸ்சில் போய் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள் வேலுத்தாய் ஒருத்திதான். அது 1970.

ரிசல்ட் வந்த அதே வாரம் தாய்மாமன் வெற்றிலைத் தட்டோடு வந்தார், தன் மகன் கன்னையனுக்குக் கேட்டு. கன்னையன் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் உழவில் கெட்டிக்காரன், குடிக்கிற பழக்கம் இல்லை, முறைமாப்பிள்ளை. வேலுத்தாய்க்கும் அவன்மேல் வெறுப்பு ஒன்றும் இல்லை, உள்ளதைச் சொன்னால் கொஞ்சம் பிரியம்கூட உண்டு. தட்டை வாங்குவதா என்று ராக்கையா யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் சீனிச்சாமி வாத்தியார் வந்து ஆசிரியப் பயிற்சி பற்றிச் சொன்னார்.

"ரெண்டே வருசம்ணே. முடிச்சு வந்தாப் போதும், வேலை கெடச்சிரும்."

"கெடச்சிருமா சாரு?"

"கெடச்சிரும்."

ராக்கையா ரெண்டாம் தடவை கேட்கவில்லை. சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கிற மனுசன் சொன்ன சொல், அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? தட்டு திரும்பிப் போனது. டீச்சராகப் போகிற பிள்ளைக்குப் படிக்காத மாப்பிள்ளை ஆகாது என்று சொல்லி அனுப்பினார்கள். மகளின் படிப்புச் செலவுக்குக் கிணற்றுப் பங்கை விற்றார் ராக்கையா. அன்றோடு அவருடைய நிலம் மழையை நம்பிய காடாகிப் போனது. கன்னையன் அடுத்த தையிலேயே சுருளியம்மாளைக் கட்டிக்கொண்டான். ராக்கையா மகளைக் கூட்டிக்கொண்டு போய் மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் வந்தார்.

மதுரைப் பக்கம் இருந்த அந்தப் பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருசம். வேலுத்தாய் சந்தோஷமாக இருந்த காலம் அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் நின்று கரும்பலகையில் எழுதப் பழக்கினார்கள். பக்கத்து ஊர்ப் பள்ளியில் சில வாரம் பாடம் நடத்திப் பழகவும் அனுப்பினார்கள். மூன்றாம் வகுப்பு. கடைசி நாளில் ஒரு வாண்டு அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று அழுதது. அந்த இழுப்பை அவள் பல வருசம் நினைத்துக்கொண்டிருந்தாள்.

1972இல் பாஸ் பண்ணி வந்தாள். ஊர் அன்றைக்கே டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தது. அப்போது அதில் கேலி இல்லை. அப்பாவும் மகளும் ரயிலேறி மதுரைக்குப் போய் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பேரைப் பதிந்தார்கள். அங்கே நின்ற வரிசையைப் பார்த்ததும் ராக்கையா, "இம்புட்டுப் பேருமா டீச்சர் ஆத்தா?" என்று கேட்டார்.

இம்புட்டுப் பேரும்தான். வாத்தியார் போதாது என்று சொன்னது அரசாங்கம். வாத்தியார்களை உண்டாக்கப் பயிற்சிப் பள்ளிகளைத் திறந்ததும் அதுதான். உண்டாக்கி முடித்த பிறகு சம்பளம் கொடுக்க மட்டும் வழியில்லை என்று கையை விரித்துவிட்டது. இங்கே ஓடைமேட்டுப்பட்டியில் சீனிச்சாமி ஒரே ஆளாக ஐந்து வகுப்பையும் கட்டி மேய்த்தார். இரண்டாம் வகுப்புக்குக் கணக்குச் சொன்னால் நாலாம் வகுப்பு கூரையைப் பிய்க்கும். அந்தச் சத்தம் கேட்கிற தூரத்தில், பயிற்சி முடித்த டீச்சர் ஒருத்தி வீட்டில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இந்தக் கூத்தை என்னவென்று சொல்வது? சும்மாவாவது வந்து கொஞ்சம் பார்த்துக்கொள்ளட்டுமே என்று சீனிச்சாமி கேட்டார். ராக்கையா சம்மதிக்கவில்லை. "சம்பளம் வாங்காம நின்னா, பெறகு எவன் சாரு சம்பளம் குடுப்பான்?" என்றார்.

களை எடுக்கவும் அவர் விடவில்லை, காய் எடுக்க மலைக்கு ஏறவும் விடவில்லை. டீச்சருக்குப் படித்தவள் கூலிக்குப் போனால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்பது அவர் கவலை. மாப்பிள்ளைகளும் வந்தார்கள். உத்தியோகத்தில் இருப்பவன், பெண்ணுக்கு வேலை ஆகட்டும், பேசலாம் என்று போனான். உத்தியோகம் இல்லாதவன், படித்த பெண் நமக்கு அடங்காது என்று போனான். இரண்டு கூட்டமும் காப்பியை மட்டும் மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுப் போனது.

பதிவைக் குறித்த காலத்தில் புதுப்பிக்க வேண்டும். தபாலில் அனுப்பினாலே போதும். ராக்கையாவுக்குத் தபாலில் நம்பிக்கை இல்லை. ஒவ்வொரு தடவையும் வெள்ளை வேட்டி கட்டி மகளைக் கூட்டிக்கொண்டு மதுரைக்கு ரயிலேறுவார். சாமி கும்பிடப் போகிறவர் முகத்தில் இருக்கிற மாதிரி ஒரு களை இருக்கும். 1979இல் மஞ்சள் காமாலை வந்து படுத்தார். கடைசி நாட்களில் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் தலையைத் தூக்குவார். தூக்கியபடியேதான் ஒரு நாள் போனார்.

அதன் பிறகு வயிற்றுக்கு வழி வேண்டுமே. வேலுத்தாய் ஜீப்பில் ஏறினாள். முதல் நாள் அவள் ஏறியபோது பெண்கள் எல்லாரும் பேச்சை நிறுத்தி இடம் விட்டார்கள். ஒரு மாதத்தில் அவர்களுக்குப் பழகிப்போய், டீச்சர் என்ற பேர் கேலியாகவும் ஆகிவிட்டது.

1981இல் பெரிய மழை. காய் எடுப்பு முடியும்வரை தோட்டத்துக் கூலியாட்கள் குடியிருக்கும் லயத்திலேயே தங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தார் கங்காணி. பதிவு புதுப்பிக்கிற கெடு அந்த மாதம்தான். வேலுத்தாய் நேரிலேயே போவது என்று வைத்திருந்தாள். அப்பாவின் பழக்கம், தபாலில் போட மனசு வரவில்லை. கிளம்ப வேண்டிய நாளில் போடிமெட்டுக்குக் கீழே மலை சரிந்து ரோட்டை மூடிவிட்டது. ஜீப்பும் இல்லை, லாரியும் இல்லை. மழை விடும்வரை காத்திருந்துவிட்டு, பழைய கழுதைப் பாதையைப் பிடித்து நடந்தே இறங்கினாள். அட்டை கடித்து ரத்தம் வடிந்த காலோடு ரயிலேறி மதுரைக்குப் போய் நின்றாள்.

கெடு முடிந்துவிட்டது. அங்கே இருந்தவர் கோபப்படவில்லை, விரட்டவும் இல்லை. "புதுசாப் பதிஞ்சுக்கங்கம்மா" என்றார். புதிதாகப் பதிந்தால் புதிதாக வந்தவர்களுக்குப் பின்னால் நிற்க வேண்டும். ஒன்பது வருசத்து மூப்பு ஒரு மலைச்சரிவில் போனது. திரும்பி வரும்போது ரயிலில் வாய்விட்டு அழுதாள். எதிரில் இருந்த பெரியவர், "யாரும் தவறிட்டாகளாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றாள்.

மறு வருசம் பள்ளிகளில் சத்துணவு வந்தது. படித்த பெண்களுக்கு அமைப்பாளர் வேலை என்றார்கள். ஓடிப்போய்க் கேட்டாள். விதவைகளுக்கும் கணவன் கைவிட்டவர்களுக்கும்தான் முதலில் என்றார்கள். கல்யாணமே ஆகாதவள் விதவையாவது எப்படி? கட்டிக்கொண்டு சாகக் கொடுத்திருந்தால் வேலை கிடைத்திருக்கும் என்று ஜீப்பில் ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். வேலுத்தாயும் சிரித்தாள். அழுது தீர்ந்தவளுக்கு வேறு என்ன வரும்?

அவளை டீச்சர் என்று கேலியில்லாமல் கூப்பிட்ட ஒரே ஒரு ஜீவன் இருந்தது. கன்னையனின் மகள் பொன்னுமணி. முறைப்படி பார்த்தால் வேலுத்தாய் அவளுக்குச் சின்னம்மா. ஆனால் வாய் திறந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டது. எதிரில் பார்க்கும்போதெல்லாம் நிறுத்தி, "டீச்சர், நீங்க எப்பப் பள்ளிக்கூடத்துக்கு வருவீக?" என்று கேட்கும். "அடுத்த வருசம்" என்பாள் வேலுத்தாய். பிள்ளை அதை நம்பியது. நம்புகிற ஒருத்தி இருந்ததால் சொல்கிறவளுக்கும் கொஞ்சம் நம்பிக்கை மிச்சமிருந்தது.

அதற்குள் ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்பு வரை வளர்ந்திருந்தது. 1986இல் பொன்னுமணி எட்டாம் வகுப்பில் முதலாவதாக வந்தாள். ஒன்பதுக்குப் போடிக்குப் போக வேண்டும். படித்தது போதும், காய் எடுப்புக்கு அனுப்பி இரண்டு வருசத்தில் கட்டிக்கொடுக்கிறேன் என்று கன்னையன் முடிவாகச் சொல்லிவிட்டான். தலைநரைத்த சீனிச்சாமி, தலைமையாசிரியராகி ஓய்வுக்குக் காத்திருந்தவர், வேலுத்தாய் வீட்டுக்கு வந்தார்.

"எம் பேச்சை இனி ஒருத்தரும் கேக்கமாட்டாகம்மா. நீ ஒரு வார்த்தை சொல்லு. படிப்பு வேலைக்கு மட்டுமில்ல, அறிவுக்குன்னு சொல்லு."

யாரால் அவர் பேச்சு எடுபடாமல் போனது என்று அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவள் போனாள்.

கன்னையன் மரியாதையாகத்தான் நாற்காலி எடுத்துப் போட்டான். சுருளியம்மாள் காப்பி கொண்டுவந்தாள். பொன்னுமணி அடுப்படி வாசலில் நின்றாள், டீச்சர் வந்துவிட்டார், இனிக் கவலையில்லை என்கிற முகத்தோடு.

"நல்லாப் படிக்கிற பிள்ளை மச்சான். பாதியில நிறுத்தாதீக."

கன்னையன் எத்தனையோ வருசத்துக்கு அப்புறம் அவள் பேரைச் சொன்னான்.

"வேலுத்தாயி, நான் வஞ்சகமாப் பேசல. என்னைய வேணாம்னு அனுப்புன கோவமும் எனக்கு இல்ல, அது அன்னைக்கே போச்சு. தெனம் காலையில நீ ஜீப்புல ஏறுறதப் பாக்கேன். எம் மக நாளைக்கு அப்படி ஒத்தையில நிக்கணுமா?"

"படிப்பு வேலைக்கு மட்டுமா மச்சான்..." என்று ஆரம்பித்தாள். வாத்தியார் கொடுத்தனுப்பிய வசனம். அது தன் காதுக்கே பொய்யாகக் கேட்டது, பாதியில் நின்றது.

"சரி, ஒண்ணே ஒண்ணு சொல்லு" என்றான் கன்னையன். "இவ படிச்சு முடிச்சா வேலை கெடச்சிருமா? கெடச்சிரும்னு உன் வாயால சொல்லு. நாளைக்கே கொண்டுபோய்ச் சேத்துவிடுறேன். வேற யார் சொன்னாலும் நம்பமாட்டேன், நீ சொன்னா நம்புறேன்."

ஒரு சொல்தான். சொன்னால் காசா பணமா? பொன்னுமணி வாசற்படியை விட்டு ஒரு எட்டு முன்னால் வந்தாள். சொல்லுங்க டீச்சர் என்று அந்தக் கண் கெஞ்சியது. வேலுத்தாய் வாயெடுத்தாள். அதே சொல்லைக் கேட்டுக் கிணற்றுப் பங்கை விற்ற மனுசன் நினைவுக்கு வந்தார், சைக்கிள் மணிக்குத் தலை தூக்கியபடி. இந்தக் கன்னையனும் நம்புவான். விற்க இவனுக்கும் ஏதோ ஒன்று இருக்கும். வராத தபாலுக்கு இவனும் வாசலைப் பார்த்துக்கொண்டே கிடப்பான்.

காப்பி ஆறியது. கன்னையன் காத்திருந்தான். அவனுக்குமே அவள் சொல்லிவிட மாட்டாளா என்று இருந்தது. கடைசியில், "போயிட்டு வர்றேன் மச்சான்" என்று எழுந்தாள். பொன்னுமணியின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை.

அன்று முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டாள். சொல்லித் தொலைத்திருக்கலாம். பிள்ளையாவது இன்னும் கொஞ்சம் படித்திருக்கும், அதற்கு நேரம் நல்லதாக இருந்து வேலையும் கிடைத்திருக்கலாம். மனசாட்சி என்று ஒன்றைப் பெரிதாகக் கட்டிக்கொண்டு அழுததில் யாருக்கு என்ன லாபம்? மறுநாள் போய்ச் சொல்லிவிடலாம் என்றும் நினைத்தாள். நினைத்து நினைத்தே போடிப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற நாளெல்லாம் கடந்துவிட்டது.

ஆவணியில் காய் எடுப்பு தொடங்கியது. விடிகாலையில் ஜீப் வந்து நின்றபோது பொன்னுமணி தூக்குவாளியோடு நின்றிருந்தாள். பாவாடை தாவணிமேல் அப்பாவின் பழைய சட்டை. மழைக்குப் போர்த்திக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் தாள்.

"டீச்சருக்குத் தொணைக்கு இன்னொரு டீச்சர் வந்தாச்சு!" என்றாள் உள்ளேயிருந்து ஒருத்தி. ஜீப்பே சிரித்தது. பொன்னுமணி சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. ஏறி வந்து வேலுத்தாய்க்கு முன்னால் நின்றாள். அந்த முகத்தில் கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க, சின்னம்மா" என்றாள்.

முறையான பேர்தான். அதில் குறை சொல்ல ஒன்றும் கிடையாது. வேலுத்தாய் தள்ளி உட்கார்ந்தாள். ஜீப் அடிவாரத்து முந்தலைத் தாண்டி மலை ஏற ஆரம்பித்தது.