அப்பா நிரப்பிய பக்கம்

ஸ்கொட்லாந்தில் இருந்த அந்தப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பதே பெரும்பாடு. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. லண்டன்காரி நான் கட்ட வேண்டும். உதவித்தொகை விண்ணப்பத்தில், வீட்டுக் கஷ்டத்தைப் பெற்றோர் எழுத ஒரு பக்கம் இருந்தது. அப்பா அதை ஐந்து நாளாக வேலை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தார்.

"எழுதியாச்சோ அப்பா?" என்று கேட்டுக் கேட்டு எனக்கு விசர் பிடித்தது. கடைசி நாள் காலை, வேலைக்குப் போனவரை மனோர் பார்க் ரயில் ஸ்டேஷன் வாசலில் மறித்து, பிடுங்காத குறையாக வாங்கினேன்.

'எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. பிள்ளை கெட்டிக்காரி' என்று எழுதியிருந்தார்.

"இப்பிடி எழுதினா ஆர் அப்பா உதவி தருவினம்?"

"பிறத்தியாரிட்டை அழ ஏலாது, பிள்ளை."

கிழிக்கப் போனேன். மேலே, தொழில் என்ற கட்டத்தில் மூன்று வேலைகளை எழுதியிருந்தார். எனக்குத் தெரிந்தது இரண்டுதான்.