பூமிச் சூடும் லுக்குட் வயர்மேனும்

ஏணியில் ஏறி நிற்கிற வயர்மேன் எங்கேயும் ஓட முடியாது. அதனால்தான் ஜனங்கள் தங்கள் கருத்தையெல்லாம் அவனிடம் சொல்கிறார்கள். கையில் வேலையும் காதில் அடுத்தவர் பேச்சுமாகத் தலையாட்டியே கழுத்து வலித்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், நாம் ஒரே கட்சி.

எண்பதுகளின் கடைசியிலிருந்து சில வருஷம் மலேசியாவில் லுக்குட் என்ற ஊரில் எனக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. இஸ்திரிப் பெட்டி, ரேடியோ, காத்தாடி எல்லாம் பழுது பார்ப்பேன். சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் வீட்டு வயரிங்கும் செய்வேன். சாயந்திரம் மட்டும் ஓடிய தோட்டத்து ஜெனரேட்டர் போய், முழுநேரக் கரண்டு தொழிலாளர்கள் வசித்த லயங்களுக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. பூமி சூடாகிறது என்ற சேதியும் அப்போதுதான் பத்திரிகைகளில் அடிபட ஆரம்பித்தது. கரண்டும், கரண்டைக் குறையுங்கள் என்ற பேச்சும் ஒரே லாரியில் வந்து இறங்கியது போல இருந்தது.

ஒரு விளக்கு போதும்

தோட்டத்துக் கங்காணியான ஆரோக்கியசாமி மண்டோர் வீட்டுக்கு வயரிங் செய்யப் போனேன். பழைய ஜெனரேட்டரை வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டவர் அவர்தான். யாராவது ரகசியமாக இஸ்திரிப் பெட்டியைச் செருகினால் இன்ஜின் முனகும். எந்த வீடு என்று கண்டுபிடித்துப் போய்ப் பிடுங்கிவிட்டு வருவாராம். அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. "ஹாலுக்கு ஒரு விளக்கு போடு. அது போதும் லா. மத்ததெல்லாம் ஆடம்பரம்," என்றார்.

மனைவி மரியம்மா சமையல்கட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குச் சமையல்கட்டில் ஒரு விளக்கும், பிறகு எப்போதாவது வாங்கப்போகிற ஃபிரிட்ஜுக்கும் ரைஸ் குக்கருக்கும் பாயிண்டும் வேண்டும். எல்லாரும் கண்டபடி செலவழித்தால் நாளைக்குப் பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும் என்று மண்டோர் கேட்டார். அவர் கேட்டதிலும் தப்பில்லை. நான் ஏணியில் நின்றபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

மரியம்மா குரலை உயர்த்தவே இல்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்: "கரண்ட மிச்சம் புடிக்கிறது அவரு தம்பி. ஈர வெறக ஊதுறது நானு."

சமையல்கட்டுக்கு எல்லாப் பாயிண்டும் போட்டேன். மண்டோர் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

தனசீலன் வாத்தியாரின் அணு உலை

தமிழ்ப்பள்ளி வாத்தியார் தனசீலன் என் கடைக்குப் பழுது பார்க்க எதையாவது கொண்டுவருவார். எதுவும் கெட்டுப்போகாத நாளில் செய்தித்தாளைக் கொண்டுவருவார். எண்ணெயும் நிலக்கரியும் எரித்து எரித்துத்தான் பூமிக்கு இந்தக் காய்ச்சல் வந்தது, அணு உலை கட்டினால் புகையில்லாத கரண்டு கிடைக்கும், யாரும் எதையும் குறைக்க வேண்டாம் என்பது அவர் கட்சி.

எதிர்க்கட்சி தோட்டத்து டிரெஸ்ஸர் ஜெயராஜ். தோட்டத்து கிளினிக்கில் ஊசி போட்டு மருந்து கொடுக்கிறவர். குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் அவர்தான் பொறுப்பு. ஆட்கள் குறையணும், ஆசையும் குறையணும், வேறு வழியில்லை என்பார். இருவரும் என் கடை பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, நுரைக்க ஆற்றிய தே தாரே டீ ஒன்றையே இரண்டு கிளாஸில் ஊற்றிக் குடித்துக்கொண்டே சண்டை போடுவார்கள்.

ஒரு நாள் வாத்தியார் ரொம்ப உற்சாகமாக இருந்தார். உலையை எப்படிக் கட்டுவார்கள், சுவர் எவ்வளவு கனமாக இருக்கும், கடல் தண்ணீர் எப்படிக் குளிரவைக்கும் என்று விளக்கினார். ரஷ்யாவில் வெடித்ததே என்றார் டிரெஸ்ஸர். அது பழைய மாதிரி, புதியது வெடிக்காது என்றார் வாத்தியார். எரிந்து முடிந்த பிறகு மிஞ்சுகிற கழிவைப் பற்றி டிரெஸ்ஸர் கேட்க, அதையும் பத்திரமாகப் புதைத்து, ஆயிரக்கணக்கான வருஷம் பார்த்துக்கொள்வார்கள் என்று பதில் வந்தது.

பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிற முனியாண்டி தன் ரேடியோவுக்காகக் காத்திருந்தார். அதுவரை வாயைத் திறக்காதவர் அப்போது கேட்டார்: "ஆயிரம் வருசம் பாத்துக்குவாங்களா சார்? எங்க லயத்துக் குப்பைய போன வாரத்துலேர்ந்து இன்னும் யாரும் வந்து பாக்கல லா."

சூட்டை எங்கே போடுவது

பக்கத்து டவுன் சிரம்பானில் ஒரு வியாபாரக் குடும்பத்து வீட்டில் ஏர்கோன் என்கிற ஏ.சி. மாட்ட என்னைக் கூப்பிட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்து மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருந்த குடும்பம். பெரியவர் சோமசுந்தரம் ஹாலுக்கு ஒன்று, தன் அறைக்கு ஒன்று, மகன் அறைக்கு ஒன்று என்று மாட்டச் சொன்னார். மாட்டினேன்.

அடுத்த மாதம் திரும்பவும் ஆள் விட்டார். சாயந்திரம் அவர் வழக்கமாகச் சாய்வு நாற்காலி போட்டு உட்காருகிற வராந்தாவில் இருக்க முடியவில்லையாம். போய்ப் பார்த்தேன். மூன்று ஏர்கோனின் பின்பக்கமும் வராந்தாவைப் பார்த்துத்தான் இருந்தது. இடம் சொன்னது அவரேதான். மூன்று அறையின் வெப்பமும் அவர் முகத்தில் அடித்தது. இடத்தை மாற்றலாமா என்று கேட்டேன். சுவரை உடைக்க வேண்டாம், வராந்தாவுக்குக் கண்ணாடி அடைத்து இன்னொரு ஏர்கோன் மாட்டிவிடு என்றார்.

மருமகள் கோப்பி கொண்டுவந்து வைத்தாள். கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. மாமனார் எதிரில் அதிகம் பேசாத பெண். அன்றைக்கு மெதுவாகக் கேட்டாள்: "உள்ளே இருந்த சூட்டை வெளியே போட்டோம், மாமா. இப்ப வெளியே இருக்கிற சூட்டை எங்கே கொண்டுபோய்ப் போடறது?"

லெட்சுமி சொன்ன காரணம்



சிறு குடும்பம் பற்றித் தோட்டத்து மண்டபத்தில் பேசப்போவதாகச் சொல்லி, மைக் கட்ட டிரெஸ்ஸர் என்னை அழைத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை. பெண்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். வழக்கமாக அவர் தாயின் உடம்பைப் பற்றியும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும்தான் பேசுவார், எல்லாரும் கேட்பார்கள். அன்றைக்கு வாத்தியாரோடு போட்ட சண்டையின் சூடு தலைக்கேறியிருந்தது. பூமி சூடாவதற்கு ஜனத்தொகைதான் காரணம், அளவில்லாமல் பெற்றுப்போடுகிறவர்கள் யோசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

முன்வரிசையில் லெட்சுமி உட்கார்ந்திருந்தாள். ஏழு பிள்ளைகள். கடைசிக் குழந்தை மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. எல்லார் கண்ணும் அவள் பக்கம் திரும்பியது. அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். "எங்க வீட்டுல ஒம்பது பேருக்கு ஒரு காத்தாடி, டிரெஸ்ஸரய்யா. அது சுத்தித்தான் பூமி சூடாவுதுன்னா, இன்னைக்கே நிறுத்திடறேன்," என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். டிரெஸ்ஸர் பேச்சை அதோடு முடித்துக்கொண்டார்.  கூட்டம் கலைந்ததும் நேரே அவள் வீட்டுக்கு நடந்துபோய் மன்னிப்புக் கேட்டார் என்று பின்னால் தெரிந்தது. அவள் கதவைத் திறந்து கேட்டுக்கொண்டாளாம்.

சில வாரம் கழித்து, ஊசி மருந்து வைக்கிற ஃபிரிட்ஜின் பிளக்கை மாற்ற கிளினிக்குக்குப் போயிருந்தேன். லெட்சுமி புருஷனோடு வந்தாள். நான் டூல்ஸைச் சுருட்டிக்கொண்டு வெளியே போகப் பார்த்தேன். அவள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. இனிமேல் பிள்ளை வேண்டாம், ஆபரேஷனுக்குப் போர்ட்டிக்சன் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுங்கள் என்றாள். டிரெஸ்ஸர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னார். அன்றைக்குத் தான் பேசியதை நினைத்து வந்தாயா, அப்படியென்றால் வேண்டாம், யோசித்து வா என்றார்.

"பூமிக்காக வரல, டிரெஸ்ஸரய்யா," என்றாள் லெட்சுமி. "என் இடுப்புக்காக வந்திருக்கேன். அத நல்லா எழுதிக்குங்க."

பெடாஸ் பட்டிமன்றம்

வாத்தியார், டிரெஸ்ஸர் சண்டை ஊர் முழுக்கத் தெரிந்துபோய், பெடாஸ் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் இளைஞர் மன்றம் பட்டிமன்றமே வைத்துவிட்டது. பூமியைக் காக்கப் போவது அணு உலையா, அளவான வாழ்க்கையா? நாங்கள் மூவரும் அவரவர் மோட்டார் சைக்கிளில் போனோம். மைக்கும் கட்டி, தீர்ப்பும் சொல்ல வேண்டியவன் நான்.

மத்தியானம் ஆரம்பித்தது. வாத்தியார் பிரமாதமாகப் பேசினார். விறகு ஊதுகிற பெண்களிடம் குறைத்துக்கொள் என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது என்று கேட்டபோது கைதட்டல் அடங்க நேரமாயிற்று. டிரெஸ்ஸர் எழுந்தார். இந்த முறை ஜனத்தொகையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நிறைய வைத்திருப்பவர்கள் முதலில் குறைக்கட்டும், எத்தனை பிள்ளை என்பதைப் பெண்களே முடிவு செய்யட்டும் என்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. அப்போது பார்த்து, மைக், காத்தாடிகள், பின்னால் யாரோ செருகிய பெரிய தண்ணீர் கெட்டில் எல்லாம் சேர்ந்து ஃபியூஸ் போய்விட்டது.

மண்டபத்தில் புழுக்கம். எல்லாரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே மரத்தடிக்குப் போனோம். மைக் இல்லாததால் இருவரும் கத்தாமல் பேசினார்கள். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர்கள் கேள்வி கேட்டார்கள். சாயந்திரம் வரை நடந்தது. தீர்ப்புச் சொல்ல நான் வாயைத் திறக்கும்போது எல்லாருக்கும் மீ கோரெங் நூடுல்ஸ் வந்துவிட்டது. அதற்குப் பிறகு யாரும் தீர்ப்பைக் கேட்கவில்லை.

கிளம்பும்போது வாத்தியாரின் மோட்டார் கிளம்ப மறுத்தது. அங்கேயே விட்டுவிட்டு, டிரெஸ்ஸரின் மோட்டாரில் பின்னால் ஏறப் போனார். டிரெஸ்ஸர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "ஏறுங்க வாத்தியாரே. ஆனா பின்னால உக்காந்து அணு உலை பத்திப் பேசினா, பாதி வழியில எறக்கி விட்டுட்டுப் போயிடுவேன் லா."

உலகத்தை எப்படிக் காப்பாற்றுவது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒரு கூரையின் கீழ் கூடினால் கனமான ஃபியூஸாகப் போட வேண்டும் என்பது மட்டும் தெரியும்.