காற்றடித்துப் பார்த்தவன்

பேருந்துப் பணிமனையின் டயர் பிரிவில் அவனுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். ஜாக்கி என்றால்தான் தெரியும். இரண்டு பேர் சேர்ந்து தூக்கும் பின்சக்கரத்தை ஒற்றை ஆளாக ஏற்றி மாட்டியதால் வந்த பெயர். நாற்பதாவது வயதில் ஒரு காலை, துருப்பிடித்த நட்டு ஒன்று அவனுக்கு மசியவில்லை. ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி, அதன்மேல் ஏறி நின்றும் பார்த்தான். அசையவில்லை.

“என்னண்ணே, ஜாக்கிக்கே ஜாக்கி வைக்கணும் போலிருக்கே?” என்றான் எலக்ட்ரீசியன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டு, டயர் அடுக்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்தவன் அப்படியே தூங்கிப்போனான்.

வீட்டிலும் அதே தூக்கம்தான். மனைவிக்கு ஒரு விடுதியின் சலவைப் பிரிவில் வேலை; நாளெல்லாம் படுக்கை விரிப்புகளைத் தேய்ப்பாள். கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை. அவளுக்கு வயது முப்பத்தொன்பது. டாக்டர் குறித்துக் கொடுத்த நாட்களில்கூட அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். ஆசை என்ற ஒன்று சொல்லிக்கொள்ளாமல் வீட்டைவிட்டுப் போயிருந்தது. கோபம் மட்டும் தங்கிவிட்டது.

“வேற யாராவது இருந்தா சொல்லிடுங்க. சண்டை போட மாட்டேன்” என்றாள் ஒருநாள், அவன் சட்டைக்குப் பொத்தான் தைத்தபடி.

“என்கூட நானே இல்லடி. இதுல இன்னொருத்தி வேறயா?”

அவள் ஊசியைக் குத்திவைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அடுத்த வாரம் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

டாக்டரம்மா அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஷேவிங் எத்தனை நாளைக்கு ஒரு தடவை?” என்று கேட்டார். முன்பு தினமும். இப்போது பத்து நாளைக்கு ஒருமுறை. பிளேடு நல்ல பிளேடு என்றல்லவா அவன் நினைத்திருந்தான்!

ரத்தத்தைக் காலையிலேயே எடுக்க வேண்டும், இரண்டு தனித்தனி நாட்களில் எடுக்க வேண்டும் என்றார். ஜாக்கிக்கு அது உடனே புரிந்தது. வண்டி ஓடிச் சூடான டயரின் காற்றளவை நம்பக்கூடாது. கிளம்புவதற்கு முன் அளக்க வேண்டும். இரண்டு நாளும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைவாகவே இருந்தது.

“விந்தணுவும் கம்மி. ஆனா இருக்கு. அதனால டெஸ்டோஸ்டிரோன் ஊசி பக்கம் போகாதீங்க. இந்த மாத்திரை உங்க உடம்பையே மெல்ல உசுப்பிவிடும். ஆறு மாசமாவது பொறுக்கணும்.”

மனைவி கேட்டாள்: “எனக்கும் இதே அசதிதான் டாக்டர். பொம்பளைங்களுக்கும் இது குறையுமா?”

“உங்க உடம்புலயும் கொஞ்சம் இருக்கும்மா, வயசோட இறங்கும். ஆனா அசதிக்கு நூறு காரணம். அந்த ஒரு நம்பரை வச்சு எதுவும் சொல்ல முடியாது. முதல்ல ரத்தசோகை, தைராய்டு பாப்போம்.”

“நாள் பூரா நின்னுக்கிட்டே தேய்க்கறேனே, அதை எதுல பாப்பீங்க?”

டாக்டரம்மா சிரித்துவிட்டார்; அவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அந்த அறையில் அவர்கள் மூவரும் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டும் ஜாக்கிக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. வெறும் டியூபில் ஓட்டையைத் தேட முடியாது. முதலில் காற்றடிக்க வேண்டும், பிறகு தண்ணீரில் அமுக்க வேண்டும்; குமிழி வரும் இடத்தில் பஞ்சர். இருபது வருடப் பழக்கம். உடம்புக்கும் அதுதான் வழி என்று நினைத்தான். பணிமனைக்கு எதிரே உடற்பயிற்சிக் கூடம் நடத்துபவனிடம் போனான். மாத்திரையை நிறுத்திவிட்டு ஊசி போட்டுக்கொண்டான். வீட்டில் மூச்சுவிடவில்லை.

ஒன்றரை மாதத்தில் நட்டுகள் கழன்றன. தாடி முள்ளாகக் குத்தியது. குளிக்கும்போது சீட்டியடித்தான். குறித்த நாட்களில் சுவரைப் பார்த்துப் படுப்பது நின்றுபோனது.

“மாத்திரை கேட்டுடுச்சுங்க!” என்றாள் மனைவி. சலவை மேற்பார்வையாளரிடம், அடுத்த வருடம் நீண்ட விடுப்பு கேட்டாலும் கேட்பேன் என்று சொல்லியும் வைத்தாள். ஜாக்கி மறுத்துப் பேசவில்லை.

மாத்திரை எழுதிக் கொடுத்து ஏழு மாதம் கழித்து மறுபடியும் பரிசோதனை. விந்தணு ஒன்றுகூட இல்லை.

“மாத்திரையைத்தானே சாப்பிட்டீங்க?”

ஜாக்கி மின்விசிறியைப் பார்த்தான். பிறகு சொன்னான். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார்.

“வெளியிலேர்ந்து சரக்கு வந்தா உள்ள இருக்கறவன் கடையைச் சாத்திடுவான். விந்தணு அங்கதானே உற்பத்தி ஆகணும்?”

பேருந்து நிறுத்தத்தில் மனைவி கேட்டாள்: “ஏழு மாசம் நாள் எண்ணிக்கிட்டு இருந்தேன். நீங்க பாத்துக்கிட்டேதானே இருந்தீங்க?”

ஊசி நின்றது. உடம்பு முன்பிருந்ததைவிடக் கீழே போய் விழுந்தது. அவனை டயர் பிரிவிலிருந்து எடுத்து, உதிரிபாக அறையில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பழைய மாத்திரை, அதோடு சாத்திய கடையைத் திறக்க வேறு மருந்துகள். ஒன்றரை வருடத்தில் நான்கு பரிசோதனைகள். மூன்றில் விந்தணு சுத்தமாக இல்லை. ஒன்றில் இரண்டே இரண்டு, அசையாமல். இதற்குள் மனைவிக்கு நாற்பத்தொன்று முடிந்திருந்தது. அவளுடைய கருமுட்டைகளும் தீர்ந்துவருவதாக ஸ்கேன் சொன்னது.

“இன்னும் காத்திருக்கலாம். ரொம்ப நம்பிக்கை தர முடியல” என்றார் டாக்டரம்மா. “குழந்தை எண்ணத்தை விட்டுட்டா, முறையா அளந்து டெஸ்டோஸ்டிரோன் ஜெல் கொடுக்கலாம். உடம்பு தேறும். ரெண்டும் சேர்ந்து நடக்காது.”

“காத்திருக்கோம்” என்றான் ஜாக்கி.

“எழுதிக் கொடுங்க டாக்டர்” என்றாள் மனைவி. “ஒரு மாடி ஏறி வர்றதுக்குள்ள மூணு தடவை உக்காந்துட்டாரு.”

“நீ சும்மா இரு.”

“சும்மாதானே இருக்கேன் இத்தனை வருஷமா.”

டாக்டரம்மா ஜாக்கியைப் பார்த்தார். அவன் மேசை விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தான். காத்திருக்கோம் என்று இன்னொரு முறை சொல்லவில்லை. அவர் எழுதத் தொடங்கினார்.

“காலையில தோள்ல தடவணும். கையை சோப்புப் போட்டுக் கழுவிடுங்க. காயறவரைக்கும் யாரும் தொடக்கூடாது. முக்கியமா வீட்ல குழந்தைங்க மேல…” பழக்கத்தில் சொல்லிக்கொண்டு வந்தவர் நிறுத்திக்கொண்டார்.

“அந்தப் பயம் இல்ல டாக்டர்” என்றாள் அவள்.

சீட்டை வாங்கிக்கொண்டாள். ஜாக்கி நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து நிற்பதற்குள், அவள் கீழே போய் மருந்துக்கடை வரிசையில் நின்றுவிட்டாள்.